கலங்காத தண்ணீர்

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு சின்னத் திருத்தம், சார்ஜென்ட் மேடம். உங்கள் குறிப்பேட்டில் 'டிரவுட்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகத்தான் தெரிகிறது என்றாலும் படிக்க முடிகிறது. நாற்பது வருடம் பியானோவின் வயிற்றுக்குள் தலையை விட்டுச் சுருதி சேர்த்தவன் நான். எதையும் எந்தக் கோணத்திலும் பார்த்துப் பழக்கம். நான் பிடித்தது டிரவுட் அல்ல, சப். டிரவுட் பிரபுக்களின் மீன். அதற்குத் தனி ஆறு, தனிக் காவல்காரன், தனித் தொப்பி. எங்களுடையது மட்ட மீன் என்று சட்டமே ஒதுக்கிவைத்த வகை. பருத்த தலை, வெள்ளை உதடு, எதையும் விழுங்குகிற வாய். அதைச் சமைத்தால் குண்டூசிகளைச் செருகிய ஈரப் பஞ்சு போல இருக்கும் என்பார்கள். அடித்துவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். நன்றி.

பக்கத்தில் இருக்கும் வக்கீல் ப்ராஸர் அதற்குள் இரண்டு தடவை என் முழங்கையைத் தொட்டுவிட்டார். நான் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்பது அவருடைய கருத்து. நல்ல மனிதர்தான், ஆனால் ஒருநாளும் தூண்டில் போட்டதில்லை. நீங்களும் போட்டதில்லை. நேற்று நீங்கள் ஆற்றங்கரையில் நடந்து போனதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தக் காலணிச் சத்தத்தில் மூன்று மைலுக்கு மீன்கள் வீட்டைக் காலி செய்திருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த அறையில் ஆற்றைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவன் நான் ஒருவன்தான் என்பதால் நானே பேசுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் முதல் அறிக்கையில் ஒரு வரி என்னை மிகவும் உறுத்தியது. 'இறந்தவர் உதவி கேட்டுக் கத்தியிருக்கக்கூடும்' என்று இருந்தது. கிளைவ் பெட்டோஸ் கத்தவில்லை, மேடம். முப்பத்தோரு வருடம் அவனோடு மீன் பிடித்திருக்கிறேன். மதுக்கடையில் அவன் சிரித்தால் கண்ணாடி அதிரும். ஆற்றங்கரையில் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. செத்துப்போனவன் மேல் அப்படியொரு பழி விழக்கூடாது. அதற்காகத்தான் நானே நடந்து வந்தேன்.

இந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு மழையே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கும் குழாய்த் தண்ணீர் விடக்கூடாது என்று தடை வந்திருக்கும். எங்கள் மெர்ல் ஆறு ஜூலையிலேயே பல இடங்களில் கணுக்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. மாடுகள் நனையாமல் நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் வற்ற வற்றத் தெளிந்தது. ஐந்தடி ஆழத்தில் கிடக்கிற கூழாங்கல்லில் ஓடும் சிவப்பு ரேகையைக் கரையிலிருந்தே எண்ணலாம். சாதாரண வருடங்களில் மீனுக்கு நம்மைத் தெரியாது, நமக்கும் மீனைத் தெரியாது. இரண்டு பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடுகிற விளையாட்டு அது. ஆறு தெளிந்துவிட்டால் இரண்டு கட்டும் அவிழ்ந்துவிடும். நாம் மீனைப் பார்க்கலாம். ஆனால் மீன் நம்மை முதலிலேயே பார்த்திருக்கும்.

அப்படிப்பட்ட தண்ணீரில் மீன் பிடிக்க வேண்டியது கையால் அல்ல, மேடம், அசையாமையால். முழங்காலால் ஊர்ந்து போக வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். காஞ்சொறிப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தால் காது கையெல்லாம் தடிக்கும், சொறியக்கூடாது. முப்பது கெஜத்துக்கு அப்பால் ஒருவன் கரையில் குதிகாலை ஊன்றினால் போதும், அன்றைய நாள் முடிந்தது. எங்கள் சங்கத்தில் இருபத்துமூன்று பேர். இருபத்தோரு பேர் ஜூலையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நானும் கிளைவும்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்ட்டன் கடைத்தெருவில் இறைச்சிக் கடை வைத்திருந்தான். பெரிய உடம்பு, சிவந்த கழுத்து, எல்லோருக்கும் ஒரு கேலி தயாராக வைத்திருப்பான். சங்கத்தின் மரக் கொட்டகைச் சுவரில் அவனுடைய படம் பத்தொன்பது வருடமாகத் தொங்குகிறது: இரண்டு கையிலும் சப் மீனை ஏந்திக்கொண்டு, பிள்ளை பெற்றவன் போலப் பூரித்து நிற்பான். ஆறு பவுண்டு ஒன்பது அவுன்ஸ். சங்கத்தின் சாதனை. படத்துக்குக் கீழேதான் செயலாளரின் நாற்காலி. செயலாளர் நான். பத்தொன்பது வருடமாக அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து கூட்டக் குறிப்புகள் எழுதியிருக்கிறேன். எனக்குப் பொறாமை கிடையாது. எந்த விஷயத்திலும் கிடையாது. என் மனைவி என்னைவிட்டுப் போனபோது அவளே இதைச் சொன்னாள்: "உங்களுக்குப் பொறாமைகூட வராதே, நெவில்." அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஜூலைக் கூட்டத்தில் கிளைவ் என்னைப் பிடித்துக்கொண்டான். "டேய் நெவில், மீன் உன்னப் பாத்து பயந்து ஓடலடா. சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கியே, பாவம், துக்கத்துக்குத் தொந்தரவு பண்ணவேண்டாம்னு ஒதுங்கிப் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லல்ல, நம்ம செயலாளர் மீன் புடிக்கப் போறதில்ல. சுருதி சேக்கப் போறாரு. மீனு வாயத் தெறந்து பாடுனாதான் தூண்டிலப் போடுவாரு. அதுவும் சரியான கட்டையில பாடணும்."

நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒரு கணம் கூடுதலாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவன் கேலியில் விஷம் இருக்காது. போகும்போது முதுகில் தட்டி, ஒரு பன்றி இறைச்சிப் பொட்டலத்தை என் பைக்குள் திணித்துவிட்டுப் போவான். அப்படிப்பட்டவன் மேல் எப்படிக் கோபப்படுவது? நான் முயன்று பார்த்திருக்கிறேன், முடியாது.

ஆனால் அன்று அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய ஆலையின் இடிந்த அணைக்கு நாற்பது கெஜம் கீழே ஒரு வளைவு, அதில் ஆற்றுக்குள் சாய்ந்த வில்லோ மரம். அதன் வேர்களுக்கு அடியில் ஜூன் மாதம் ஒரு சப்பைக் கண்டுபிடித்திருந்தேன். பெரிய சப் எல்லாம் பெண்தான், அதனால் அவள் என்றே சொல்கிறேன். முதலில் மூழ்கிய மரக்கட்டை என்று நினைத்தேன். கட்டை மெல்லத் திரும்பி, மேலே மிதந்த ஒரு வண்டை உறிஞ்சிவிட்டு, பழைய இடத்துக்கே போய் நின்றது. நான் அரைமணி நேரம் மூச்சுவிட மறந்திருந்தேன். அதற்குப் பிறகு நாற்பத்தோரு நாள் போனேன். தூண்டிலோடு அல்ல, சும்மா. ரொட்டி ஓரத்தைப் பிய்த்து மேலேயிருந்து மிதக்கவிடுவேன். இருபது துண்டு போனால் ஒன்றை எடுப்பாள். சோதித்துப் பார்க்க, முள் இல்லாமல் தூண்டில் நரம்பில் கட்டிய துண்டை மட்டும் ஒருபோதும் எடுக்கமாட்டாள். அருகில் வந்து, மூக்கால் தொடாமல் முகர்ந்து, என்னைக் கேலி செய்வது போல ஒதுங்கிவிடுவாள். தெளிந்த தண்ணீரில் தங்கூஸ் நரம்பு அவளுக்குக் கயிறு மாதிரி தெரிந்திருக்கும்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. தண்ணீர் நிர்வாகத்திலிருந்து சங்கச் செயலாளருக்கு. ஆறு செத்துவிடாமல் இருக்க, வியாழக்கிழமைதோறும் மேலே இருக்கிற நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் திறந்துவிடப் போகிறார்கள். கீழ்ப்பகுதிகளில் மட்டம் திடீரென்று இரண்டடிக்கு மேல் உயரும், உறுப்பினர்களை எச்சரிக்கவும், அறிவிப்பைப் பலகையில் ஒட்டவும்.

ஒட்டவில்லை. ப்ராஸர், என் முழங்கையை விடுங்கள்.

ஏன் ஒட்டவில்லை என்றால், மேடம், பலகையில் இடமில்லை. டிசம்பர் விருந்து, காணாமல்போன குடை, பூனைக்குட்டிகள் வேண்டுமா. அதற்கு மேல் இதையும் குத்தினால் அழகாக இருக்காது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் இது போதவில்லை என்று தெரிகிறது. சரி. தண்ணீர் ஏறும்போது மீன் இரை எடுக்கும். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த ஆற்றில் புதுத் தண்ணீர் புழுவையும் பூச்சியையும் அடித்துக்கொண்டு வரும், கொஞ்சம் கலங்கலும் வரும், நரம்பு தெரியாது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று தெரிந்தவனுக்கு அது கதவைத் திறந்துவைத்த மாதிரி. அந்தச் சாவி என் பையில் இருந்தது. யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

முதல் வியாழக்கிழமை வெறும் கையோடு போய்ப் பார்த்தேன். குச்சியில் அளவுக் கோடு கீறி ஓரத்தில் நட்டுவைத்தேன். மதியம் திறந்த தண்ணீர் நான்கரைக்கு அணைக்கு வந்து சேர்ந்தது. அரைமணி நேரத்தில் இரண்டரை அடி ஏறியது. முதல் கலங்கல் வந்த சில நிமிடங்களில் அவள் வேரைவிட்டு வெளியே வந்து, வெட்கமில்லாமல் தின்றாள். அடுத்த வியாழன் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த வாரம் மூன்று பியானோ. மூன்றுமே அருமையாக அமைந்தன.

அடுத்த வியாழன் ஒரு மணிக்கே வளைவுக்குப் போய்விட்டேன். கடைசி அறுபது கெஜம் ஊர்ந்தேன். காசித்தும்பைக் காடு ஆளுயரத்துக்கு வளர்ந்து பூத்துக் கிடந்தது. அதற்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவள் இருந்தாள். நான்கரை வரை செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, அசையாமல் இருப்பதைத் தவிர.

இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் கிளைவ் வந்தான். அக்கரையிலிருந்து, இடிந்த அணையின் கற்கள் மேல் கால்வைத்து. நம் கரையில் நல்ல ஒற்றையடிப் பாதை இருக்கிறது, அதில் வராமல் ஏன் இந்த வயதில் கல் தாண்டுகிறான் என்று எரிச்சலாக இருந்தது. தோளில், மாட்டிய மீனை அள்ளித் தூக்குகிற அவனுடைய பெரிய கைவலை, நீளக் காம்போடு. நடுவில் வந்தபோது கல் புரண்டது. விழுந்த சத்தம் பெரிதில்லை. அதற்கு அடுத்து வந்த சத்தம், காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தது போல. ஏறக்குறைய பி-ஃப்ளாட் சுரம். மன்னியுங்கள், தொழில் புத்தி.

நான் முதலில் அவளைத்தான் பார்த்தேன். அவள் அசையவில்லை.

"நெவில்." மெல்லத்தான் கூப்பிட்டான். காசித்தும்பைக்கு மேல் என் தொப்பி தெரிந்திருக்கிறது. "நெவில், கால் போச்சுடா. ரெண்டு கல்லுக்கு நடுவுல முழங்கால் வரைக்கும் மாட்டிக்கிச்சு. எழுந்திரிக்க முடியல."

நான் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினேன். எங்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம்: மீன் நிற்கிறது, பொறு.

அவன் உடனே குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டான். "நிக்கிறாளா?"

ஆமென்று தலையை அசைத்தேன்.

"அப்ப இரு, இரு. நீ பாரு. வலிக்குதுதான், ஆனா செத்துற மாட்டேன்."

இது அவன் வாயால் சொன்னது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். வெயில் நாள், அதில் உட்கார்ந்திருப்பது சுகமாகவேகூட இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாலாட்டிக் குருவி அவன் முழங்கைக்குப் பக்கத்துக் கல்லில் வந்து உட்கார்ந்து, அவனையும் ஒரு கல்லாகச் சேர்த்துக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இருந்த இடத்திலிருந்து அவனுக்கு வேரின் அந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எனக்காகப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டான், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி ஒரு குரலில். "வெளிய வர்றா... இல்ல, திரும்பிட்டா. ஒரு இலைய மோந்து பாக்குறா. உன்ன மாதிரியேடா, எதுலயும் குறை கண்டுபிடிப்பா." வலியில் இடையிடையே மூச்சை இழுத்துக்கொண்டான். எனக்குக் கேட்கவில்லை என்று பொய் சொல்லப் போவதில்லை. என் காது இந்த மாவட்டத்திலேயே நல்ல காது.

மூன்றரை மணி இருக்கும். "நெவில், உன் போன்ல யாரயாச்சும் கூப்புடேன்டா. என்னுது பையோட அக்கரையில கெடக்கு. வீட்டுல மேவிஸுக்கு மட்டும் சொல்லாத, பதறிடுவா."

என் போன் சட்டைப் பையில், கடிதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் மறுபடியும் உள்ளங்கையை உயர்த்தினேன்.

"சரி சரி. நீ புடி மொதல்ல. நான் எங்க போகப்போறேன்."

மேடம், நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. தண்ணீர் வரப்போகிறது என்று அவனிடம் சொன்னேனா? இல்லை. மாட்டிக்கொண்டிருக்கிற மனிதனை எதற்குப் பயமுறுத்துவது? மேலும், சொல்லியிருந்தால் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அவன் சிரித்திருப்பான். 'டேய், நோட்டீசையே பதுக்கிட்டியா' என்று அந்த நிலையிலும் சிரித்திருப்பான். டிசம்பர் வரை சிரித்திருப்பான்.

நான்கு மணிக்கு மேல் அவன் பேச்சு நிதானமாகிவிட்டது. குளிர் ஏறியிருக்கும். அப்போதுதான் அதைச் சொன்னான். யோசித்துப் பார்த்தால், அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டா? எனக்கு ஜூன்லேர்ந்தே தெரியும்டா இவளப் பத்தி. நீ ஊர்ந்து போறத மக்காச்சோளத்துக்குள்ள இருந்து பாத்தேன். ஏழு பவுண்டு தேறும் அவ. நான் ஒரு தடவகூட தூண்டில் போடல. நெவிலுக்குன்னு விட்டுட்டேன். மேவிஸ்கிட்டகூட சொன்னேன், இது அவனுது, அவன் புடிக்கட்டும்னு." மூச்சு வாங்கினான். "இன்னிக்குக்கூட பாதையில வந்தா நெழல் விழும், ஒனக்குக் கெட்டுடும்னுதான் இந்தக் கல்லு மேல வந்தேன். ஒன் வலை அவளுக்குப் பத்தாதே. அது முட்டைய வடிகட்டுற வலைடா. அதான் என் வலையக் கொண்டாந்தேன்."

காசித்தும்பையின் வாசனை, பிசுபிசுப்பான இனிப்பு, அது மட்டும்தான் அந்த நிமிடத்தைப் பற்றி எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாற்பத்தோரு நாள் நான் தனியாக இருந்தேன் என்று நினைத்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் மக்காச்சோளத்துக்குள் அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், ஒரு பிள்ளை மண்ணில் வீடு கட்டுவதைப் பார்க்கிற மாதிரி, சிரித்துக்கொண்டு. விட்டுக்கொடுத்தானாம். அவள் இனி என் மீன் இல்லை, அவன் எனக்குக் கொடுத்த மீன். டிசம்பர் விருந்தில் எழுந்து நிற்பான். கண்ணாடிக் குவளையைத் தட்டுவான். மீன் நெவிலுடையது, வலை என்னுடையது, மனசும் என்னுடையது என்பான். எல்லோரும் கைதட்டுவார்கள், எனக்கல்ல. சுவரில் என் படம் தொங்கும்; பார்க்கிற ஒவ்வொருவனும் அதில் கிளைவைப் பார்ப்பான்.

இதையெல்லாம் அப்போது நினைத்தேன் என்று சொல்லவில்லை. பிற்பாடு யோசித்தபோது, நினைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

நான்கரைக்குத் தண்ணீர் வந்தது. கொஞ்சம் சருகு, கொஞ்சம் நுரை, பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு. அணைக் கற்களுக்கு நடுவில் சத்தம் மாறியது. ஒரு சுரம் கீழே இறங்கியது என்று சொல்லலாம்.

"நெவில், தண்ணி ஏறுதா?"

"கொஞ்சம்," என்றேன். அன்று மதியம் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

அடுத்த எட்டு நிமிடத்தில் அவள் வெளியே வந்தாள். ரொட்டித் துண்டை ஓட்டத்தில் விட்டேன். முகரவில்லை, யோசிக்கவில்லை. வெள்ளை உதடு திறந்து மூடியது, அவ்வளவுதான். உங்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வேருக்குள் ஓடப்பார்த்தாள், கோலைச் சாய்த்துத் தடுத்தேன். நடு ஆற்றுக்கு ஓடினாள், விட்டேன். ரீலின் கிறீச்சொலி அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"மாட்டிக்கிட்டாளா? விடாத, விடாத, வேர்ப் பக்கம் விடாத!" அப்போதும் அது கத்தல் இல்லை, மேடம். அதட்டிய ரகசியம் என்று எழுதுங்கள். அவன் மார்புக்குத் தண்ணீர் வந்திருந்தது. அந்த நீளக் காம்பைத்தான் இரண்டு கையாலும் அடியில் ஊன்றி, உடம்பைத் தூக்கிப் பிடித்திருந்தான். என் சின்ன வலையை நான் நீட்டுவதைப் பார்த்தான். தலை மட்டும்தான் அதில் போனது. "டேய், அதுல ஆகாது. என் வலைய வுடறேன், புடிச்சிக்கோ," என்றான். ஊன்றியிருந்த காம்பை எடுத்து ஓட்டத்தில் விட்டான். அது மிதந்து நேராக என்னிடம் வந்தது. அவன் எப்போதும் எதையும் குறி தவறாமல் செய்வான்.

அந்த வலையில்தான் அவளைத் தூக்கினேன். அதில் ஒட்டியிருந்த செதிலைத்தான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். கெட்டிக்காரர்.

மறுநாள் மேவிஸைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசியில அவர் தனியா இல்லையே நெவில், நீங்க கூட இருந்தீங்களே, அது போதும் எனக்கு," என்றாள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் கொடுத்த இறைச்சிப் பணியாரத்தை முழுவதும் சாப்பிட்டேன். மறுத்தால் மனம் நோகும்.

இப்போது நீங்கள் கேட்கிற பத்தொன்பது நிமிடத்துக்கு வருகிறேன். என் போனில் மீனின் படம் 4.47 என்று இருக்கிறது. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது 5.06. போனை அணைத்து வைத்திருந்ததாக முதலில் சொன்னேன். படம் எடுக்க அதைத் திறந்தேன் என்பதை மறந்துவிட்டேன். கணக்கில் நீங்கள் சரி.

அவளைச் சுருள்வில் தராசில் தூக்கி எடை பார்த்தேன். ஈரத் துணியில் சுற்றித்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்தான், தண்ணீர் தாடைக்கு ஒரு சாண் கீழே.

"எவ்வளவுடா?"

"ஏழு பவுண்டு, ஒரு அவுன்ஸ்."

"அடப்பாவி." சிரித்தான். உண்மையிலேயே சிரித்தான், மேடம், பற்கள் அடித்துக்கொண்டிருந்தபோதும். "என் படத்தக் கழட்டிட வேண்டியதுதான். நல்லா இருடா. தூக்கிக் காட்டு ஒரு தடவ."

தூக்கிக் காட்டினேன். வெயில் பட்டு அவள் பக்கவாட்டில் பித்தளை போல மின்னினாள்.

"சரி, இப்ப வா. சீக்கிரம் வாடா, முடியல."

"இதோ," என்றேன். அது பொய் இல்லை.

கரையோரமாக நாற்பது கெஜம். என் வயதுக்கு ஒரு நிமிடம். அணைக் கல்லில் ஒரு பழைய இரும்புக் கம்பி செருகிக் கிடக்கிறது. நெம்பினால் கல் அசைந்திருக்கும். அசையாவிட்டாலும் அவன் தலையைத் தண்ணீருக்கு மேல் தாங்கிப் பிடித்திருக்கலாம். அது எனக்கு அப்போது தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். இரண்டே முக்காலுக்கும் தெரியும், மூன்றரைக்கும் தெரியும். உட்காருங்கள் ப்ராஸர், சொல்லி முடித்துவிடுகிறேன். தெரிந்துதான் போகவில்லை. நாலே முக்காலிலிருந்து ஐந்து வரைக்கும் அவன் சாவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை என் பெயரைச் சொன்னான். மூன்றாவது தடவை பெயர் முழுதாக வரவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பிடித்த மீனை நாங்கள் தின்பதில்லை, திருப்பி விடுவோம். அந்த வெப்பத்தில், காற்றுக் குறைந்த தண்ணீரில், அவ்வளவு நேரம் போராடிய மீனைச் சும்மா தூக்கிப் போட்டால் மல்லாந்து செத்துப்போகும். தலையை ஓட்டத்துக்கு எதிராக நிமிர்த்தி, வயிற்றை உள்ளங்கையில் தாங்கி, செவுள் சீராக அடிக்கிற வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். நான் மண்டியிட்டுப் பதினோரு நிமிடம் பிடித்திருந்தேன். இடுப்பு விட்டுப்போனது, விரல் மரத்துப்போனது, நான் கையை எடுக்கவில்லை. கடைசியில் வாலை ஒரு தடவை உதறிவிட்டு, தானாகவே நீந்திப் போனாள். ஒரு உயிர் என் கையை நம்பி இருக்கும்போது அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை, மேடம்.